இரண்டாவது கிண்ணம்

வாண்டோ
மார்ச் 9

அன்புள்ள தாமி அக்காவுக்கு,

தாசோல் எழுதுவது. நான், அம்மா, பூனை தூபு மூவரும் சுகம். அப்பாவும் கப்பல் கட்டும் தளத்திலிருந்து தொலைபேசியில் சுகம் என்றுதான் சொன்னார், இருமிக்கொண்டே. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் அந்தப் பயிற்சி விடுதியில் தூங்கவாவது விடுகிறார்களா?

நீ நுழைவுத் தேர்வை மறுபடி எழுதப் போயிருப்பதால் அம்மா கடையில் கடற்பாசிக் கட்டுகளை உள்ளே தள்ளி வைத்திருக்கிறாள். "வழுக்கற சாமான் வாசல்ல எதுக்கு? பொண்ணு மார்க்கு வழுக்கிடப் போவுது" என்கிறாள். கடையில் விற்பதே அதுதான். பிறந்தநாளென்றால் எல்லார் வீட்டிலும் பாசி சூப்தான், ஆனால் போன வருடம் தேர்வு பயத்தில் நீ உன் பிறந்தநாளுக்குக்கூட அதைத் தொடவில்லை. நான் உறிஞ்சிக் குடித்த சத்தத்துக்கே என்னை முறைத்தாய். பாசி விற்கும் வீட்டில் பிறந்தநாள் சூப் இல்லை என்று தெருவே சிரித்தது. நினைவிருக்கிறதா?

எனக்கு ஒரு பொறுப்பு வந்திருக்கிறது. அடுத்த ஊர்ப் பள்ளியில் போன வருடம் அந்தப் பையன் இறந்ததற்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவரை 'உயிர்த்தோழர்' ஆக்குகிறார்கள். எங்கள் வகுப்பில் நான். "நீதான் எப்பவும் எல்லாரையும் பாத்துட்டே இருக்கியே" என்றார் வகுப்பாசிரியர். மஞ்சள் வில்லை குத்தியிருக்கிறேன்.

ஆலோசனை அறை மோக் டீச்சர் பாடம் எடுத்தார். கவனி, நேரடியாகக் கேள், பெரியவரிடம் சொல். மூன்றே வேலை. "சாகணும்னு நினைக்கிறியான்னு அதே வார்த்தையில கேளுங்க. கேக்கறதால யாருக்கும் புதுசா அந்த எண்ணம் வராது" என்றார். பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "நான் நினைக்கிறேன் டீச்சர், கணக்குப் பீரியட்ல மட்டும்" என்றான். எல்லாரும் சிரித்தோம். மோக் டீச்சர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "மத்த பீரியட்ல?" என்று கேட்டார். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் காது சிவந்துபோய் உட்கார்ந்தான்.

அந்த அமைதி என்ன என்று எனக்கு இன்னும் புரியவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
தாசோல்

•

விடுதி
ஏப்ரல் 2

அன்புள்ள உயிர்த்தோழர் அவர்களுக்கு,

அடியேன் நலம். தூக்கம் உண்டு, ஆனால் மணியடித்துத் தருகிறார்கள். சோறு உண்டு, வரிசையில் நின்றால். மூன்று பக்கமும் பலகை அடைத்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவள் தும்மினால்தான் அங்கே ஆள் இருப்பதே தெரியும். அம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

எங்கள் வார்டன் ரப்பர் செருப்பு போட்டு நடப்பார், சத்தமே வராது. நேற்று என் பின்னால் நின்று, "தாமி, புத்தகத்தப் பாக்கறியா, புத்தகம் உன்னப் பாக்குதா?" என்றார். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பாத்துக்கறோம் சார்" என்றேன். தண்டனையாக அரை மணி நேரம் நின்றுகொண்டே படித்தேன்.

உன் மஞ்சள் வில்லைக்கு வாழ்த்து. ஆனால் அந்த நேரடிக் கேள்வியை நான் நம்பவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். நீ யாரையாவது உற்றுப் பார்த்து அழவைக்காமல் இருந்தால் சரி.

ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக்கு வரிசை நீளம். நான் நிற்பதில்லை. கடிதமே போதும் என்று அம்மாவிடம் சொல்.

தாமி

•

வாண்டோ
மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் இடுப்பு மழைக்கு முன்னால் மட்டும் வலிக்கிறது. வானிலை அறிக்கையைவிட அது சரியாக இருக்கிறது. நீ காய்ச்சல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லையே?

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். என் வகுப்பில் ஹாரம் என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் மேல் எனக்குச் சந்தேகம்.

முதலில் பாடகர் படம் போட்ட அட்டைகளை எல்லாருக்கும் கொடுத்தாள். யாருக்கும் தொடக்கூடத் தராதவள். அப்புறம் வண்ணப் பேனாப் பெட்டியைக் கொடுத்தாள். போன வாரம் குடையைப் பக்கத்து மேசைக்காரிக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். விருப்பமான பொருள்களைக் கொடுத்துவிடுவது ஓர் அறிகுறி என்று மோக் டீச்சர் சொல்லியிருக்கிறார். அதனால் அவளைத் தொடர்ந்து கவனிக்கிறேன். நேற்று சிற்றுண்டிக் கடைவரை பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்த்து, "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல, தொப்போக்கி சாப்பிட வந்தேன்" என்றேன். வயிறு எரிய எரிய ஒரு தட்டு காரத்தைத் தின்றேன்.

மனநிலைக் கேள்வித்தாள் ஒன்றும் கொடுத்தார்கள். அதில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே குறித்தார்கள். மதிப்பெண் ஏறினால் ஆலோசனை அறைக்கு ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று வகுப்புக்கே தெரியும். ஆகவே அந்தத் தாளை நம்ப முடியாது. ஹாரமிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். மூன்று முறை அருகில் போனேன். மூன்று முறையும் அழிப்பான் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ என்ன சொல்கிறாய்? உடம்பைப் பார்த்துக்கொள்.

தாசோல்

•

விடுதி
ஜூன் 27

தாசோலுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருங்கள்.

பதில் தாமதமாகிவிட்டது. படிக்க நிறைய இருந்தது.

அந்தப் பெண்ணை விட்டுவிடு. அவள் கொடுப்பதைக் கொடுக்கட்டும். வைத்துக்கொண்டிருப்பது சில சமயம் பெரிய பாரம். நீ போய்ப் பெரியவர்களிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? அம்மா அழுவாள், டீச்சர் ஓடி வருவார், எல்லாரும் அவளை உடைந்த பாத்திரம்போல் பார்ப்பார்கள். அது அவளுக்கு வேண்டாம். அவளுக்குக் கொஞ்சம் அமைதிதான் வேண்டும்.

என் நீள கோட் அலமாரியில் இருக்கிறது. குளிர்காலத்துக்கு நீ எடுத்துக்கொள். உனக்குத் தோள் சரியாக இருக்கும்.

தாமி

•

வாண்டோ
ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம், என் முகத்தைத் தவிர. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உன் கடிதம் இந்த முறை ஏன் அவ்வளவு சின்னது? கண் வலியா?

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. மோக் டீச்சரிடம் ஹாரமைப் பற்றிச் சொல்லிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் பேசுவதாகத்தான் சொன்னார். ஆனால் அலுவலகத்தில் யாரோ வழக்கப்படி ஒலிபெருக்கியைத் திறந்து, 'மூன்றாம் பிரிவு ஹாரம், ஆலோசனை அறைக்கு வரவும்' என்று பள்ளி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார்கள். முப்பது தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவள் என்னைப் பார்த்தாள்.

விஷயம் என்ன தெரியுமா? அவள் அம்மாவும் அப்பாவும் பிரிகிறார்கள். அவள் இன்ச்சன் நகரத்துக்குப் போகிறாள். பிரிவு விருந்து, அழுகை எதுவும் வேண்டாம் என்று சத்தமில்லாமல் சாமான்களைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.

செருப்பு வைக்கும் அலமாரியருகே என்னை நிறுத்தினாள். "என்கிட்டயே கேட்டிருக்கலாமே, லூசு. ஒரு மாசமா பின்னாடியே சுத்துன. நீ என்னை லவ் பண்றியோன்னு பயந்துட்டு இருந்தேன்." நான் அழுதேன். அவள் தன் கைக்குட்டையைக் கொடுத்து, "இதையும் வெச்சுக்கோ. டீச்சர்கிட்ட போய் சொல்லிடாத" என்றாள்.

மோக் டீச்சர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தப்பு அலுவலகத்துடையது, உன்னுடையது அல்ல என்றார். என்னால் அவரையும் இப்போது முழுதாக நம்ப முடியவில்லை. வில்லையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது. சாப்பாட்டை விட்டுவிடாதே.

தாசோல்

•

விடுதி
செப்டம்பர் 11

அன்புள்ள தாசோலுக்கு,

அனைவரும் நலமென நம்புகிறேன். நான் இங்கு மிக நலம்.

சுசோக் பண்டிகைக்கு நான் வரவில்லை. பேருந்தில் போகும் நேரத்தில் படிக்கலாம் என்று வார்டன் சொல்கிறார். நானும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். முன்னோர் படையலில் என் பங்குக்கு நீயே வணங்கிவிடு.

என் பெரிய அகராதியை நீயே வைத்துக்கொள். சொற்களை நேசிப்பவள் நீதான். தூபு என் தலையணையில்தான் படுக்கிறது என்று அம்மா எழுதியிருந்தாள். உன் தலையணைக்குப் பழக்கிவிடு, அது பாவம்.

நீ அந்தப் பெண் விஷயத்தில் வருந்த வேண்டாம். உன் மனம் நல்லது. உன் கடிதங்கள் எல்லாமே எனக்கு மிகவும் பிடித்தவை. கொஞ்ச நாளாக என் மனம் லேசாக இருக்கிறது. கவலைப்படாதீர்கள்.

தாமி

•

வாண்டோ
செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அகராதி எனக்கே கிடைத்ததில் அளவில்லாத சந்தோஷம். கோட்டையும் போட்டுப் பார்த்தேன். "அச்சு அசல் தாமி" என்று அம்மா என்னைப் பின்பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஆனால் உன் கடிதம் உன்னுடையது மாதிரி இல்லை. 'அனைவரும் நலமென நம்புகிறேன்' என்று நீ எப்போது எழுதினாய்? வார்டன் பக்கத்தில் நின்று எழுத வைக்கிறாரா? கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறாரா? ஒரு யோசனை. அப்படியென்றால் அடுத்த கடிதத்தில் பூனையின் பெயரைத் தப்பாக எழுது. நான் புரிந்துகொள்வேன்.

அம்மா உனக்காக, மார்க்கும் அப்படியே ஒட்ட வேண்டும் என்று, பல்லில் ஒட்டும் அரிசி மிட்டாய் செய்யச் சொல்லிவைத்திருக்கிறாள். ஒரு முறையாவது தொலைபேசி வரிசையில் நில், அக்கா. உன் குரல் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சட்டென்று வரவில்லை.

தாசோல்

•

விடுதி
அக்டோபர் 8

அன்புள்ள அம்மாவுக்கும் தாசோலுக்கும்,

நலம். நேற்று என் பிறந்தநாளுக்கு நீங்கள் எழுதிய வாழ்த்து வந்தது. நன்றி.

உணவுக்கூடத்தில் ஆசிரியர்களுக்காகக் கடற்பாசி சூப் வைத்திருந்தார்கள். சமையல் அம்மா, "மாணவிங்களுக்கு இது வேணாம், முட்டை சூப் எடுத்துக்கோ" என்றார். எனக்குப் பிறந்தநாள் என்று சொல்லி வாங்கிக் குடித்தேன். இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டேன். அம்மா, நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று இனி நீ நம்பலாம்.

தாசோல், வார்டன் பிரித்துப் படிப்பதில்லை. தூபுவைத் தடவிக்கொடு.

எல்லாவற்றுக்கும் நன்றி.

தாமி

•

பள்ளி, ஆலோசனை அறை
அக்டோபர் 13

அக்கா,

இந்த முறை நலம் விசாரிக்க மாட்டேன். நேரடியாகக் கேட்கிறேன்.

நீ சாகணும்னு நினைக்கிறியா?

எழுதிவிட்டேன்.

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. அம்மா கடையிலேயே சத்தமாகப் படித்தாள். "ரெண்டு கிண்ணமாம். பாசிக்காரி பொண்ணுன்னு காட்டிட்டா பாரு" என்று பக்கத்துக் கடைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். என் உறிஞ்சல் சத்தத்துக்கே முறைத்தவள் நீ. தேர்வு எழுதப்போகிற ஒருத்தி, தேர்வுக்கு முந்தைய மாதத்தில், வேண்டாம் என்று தடுத்தவரிடமே கேட்டு வாங்கி, இரண்டு கிண்ணம் குடிக்க மாட்டாள். தேர்வு நாள் என்று ஒன்று வரும் என்று நினைப்பவள் குடிக்க மாட்டாள்.

பூனையின் பெயரை நீ தப்பாக எழுதியிருக்கக் கூடாதா? வார்டன்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். "கண்டதையும் யோசிக்காத. ஹாரம் விஷயத்துல பட்டது போதாதா?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டேன். ஹாரம் கொடுத்த அட்டை, பேனா, குடை எல்லாவற்றையும் குறித்து வைத்தவள் நான். நீ கொடுத்த கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தேன்.

மதிய இடைவேளையில் மோக் டீச்சரிடம் வந்தேன். இந்த முறையும் நான் தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். சூப்பைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "ரெண்டாவது கிண்ணமா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். உடனே தொலைபேசியை எடுத்துவிட்டார். ஒலிபெருக்கியை யாரும் தொடவில்லை.

உன் வார்டன், "நல்லா சாப்பிடுறா, ஒழுங்கா படுக்கறா, ஒரு தொல்லையும் இல்லாத பொண்ணு. வீட்டுக்காரங்க கவலைப்பட்டா அவ கவனம்தான் சிதறும்" என்றாராம். மோக் டீச்சர் விடவில்லை. மாதிரித் தேர்வு எப்படி எழுதுகிறாள் என்று கேட்டார். ஒரு மாதமாக நீ விடைத்தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கிறாய் என்று வார்டன் அப்போதுதான் சொன்னார். அது தொல்லை இல்லையாம். இப்போது உன்னைத் தனியாக விடக் கூடாது என்று மோக் டீச்சர் அவரிடம் இரண்டு முறை சொன்னார்.

அம்மா கடையை மூடிவிட்டு வந்துவிட்டாள். "நான்தான் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். மோக் டீச்சர் கார் ஓட்டுகிறார். இந்தக் கடிதத்தை அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். ஐந்து மணி நேரத்தில் உன் வாசலில் இருப்பார்கள்.

பெரியவர்களிடம் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது என்று ஜூனில் எழுதினாய். உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறேன். நீ என்னோடு எத்தனை வருடம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. அத்தனை வருடமும் இரு.

தாசோல்

•

வாண்டோ
நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். குவாங்ஜு மருத்துவமனையில் உனக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததாக அம்மா சொன்னாள். அங்கும் கைபேசி இல்லையாம். நமக்குக் கடிதம்தான் விதித்திருக்கிறது.

காரில் வந்த வழியெல்லாம் நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய், நான் கொடுத்தனுப்பியதைப் பிரிக்காமல் பையில் போட்டுவிட்டாய் என்றும் சொன்னாள். பரவாயில்லை. அவசரமில்லை.

ஹாரம் இன்ச்சனிலிருந்து ஓர் அட்டை அனுப்பியிருக்கிறாள். 'இங்கே என் பின்னால் யாரும் சுற்றுவதில்லை, போர் அடிக்கிறது' என்று எழுதியிருக்கிறாள். பதில் போட்டேன். இந்த முறை எப்படி இருக்கிறாய் என்று அவளிடமே கேட்டுவிட்டேன்.

தூபு உன் தலையணையை விட்டு இறங்கவில்லை. நான் பழக்கவும் இல்லை.

தாசோல்

•

குவாங்ஜு
நவம்பர், தேர்வு நாள்

தாசோல்,

எப்படி இருக்கிறாய்? என்னைக் கேட்டால், சுமார். மாத்திரையால் வாய் உலர்கிறது. பகலில் தூங்கிவிடுகிறேன். நலம் என்று எழுதுவதை நிறுத்தியிருக்கிறேன்.

இன்று காலை தெரு முழுக்க அமைதி. ஆங்கிலக் கேட்டல் தேர்வு நேரத்தில் விமானங்களையும் நிறுத்திவிடுவார்கள், அந்தச் சத்தமும் இல்லை. நாடே தேர்வு எழுதுபவர்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது நான் கட்டிலில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரித்தேன்.

உன் கேள்விக்குப் பதில்: ஆமாம். ஜூன் மாதத்திலிருந்து.

உன்மேல் பயங்கரக் கோபத்தில் இருந்தேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, வந்து வாங்கிக்கொள். அப்படிக் கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? என்னை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. தெரியாமல் எழுதிவிட்டேன்.

டாக்டரும் ஒன்று கேட்டார். "குடிச்சது சரிம்மா. அதைப் போய் பாசிக்கடை வீட்டுக்கு ஏன் எழுதுன?" அதற்குப் பதில் எனக்கு இன்னும் வரவில்லை. எழுதாமல் விட்டிருக்கலாம்தான்.

இப்போதும் சில நாள் அந்த எண்ணம் வருகிறது. வந்தால் செவிலியரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று பழக்குகிறார்கள். நேற்று சொன்னேன். "சரி, நான் இங்க உக்காந்து இந்த ஆரஞ்ச உரிக்கறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பாதி அவரே தின்றார்.

மதியம் அம்மா வந்தாள். தேர்வு நாளில் துணிந்து பாசி சூப் கொண்டுவந்தாள், வீட்டு வெந்நீர்க் குடுவையில். தப்பாக நினைப்பேனோ என்று மூடியைத் திறக்காமலே வைத்திருந்தாள். நான்தான் திறந்தேன். அன்று விடுதியில் குடித்த இரண்டு கிண்ணத்துக்கும் ருசி என்று ஒன்றும் இல்லை, சுடுதண்ணீர்போல் இறங்கியது. இன்றைக்கு உப்புக் கரித்தது. வாயில் வைக்க முடியவில்லை. பதற்றத்தில் இரண்டு முறை போட்டிருக்கிறாள். அவளிடம் நான் சொல்லவில்லை, நீ பக்குவமாகச் சொல்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீயும் வரலாம் என்கிறார்கள். வரும்போது என் நீள கோட்டைக் கொண்டுவா. உனக்குத் தோள் சரியாக இருக்கும் என்று எழுதியது பொய். அது எனக்குத்தான் சரியாக இருக்கும்.

தாமி